பாலின வழக்கத்தை மீறும் போர்ட்ரெய்ட் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்களைப் படம் எடுப்பதுதான் என் தொழில். படம் எடுக்கக் கற்றுக்கொள்பவர்கள், தங்களைப் படம் எடுக்கச் சொல்லி வருபவர்கள், "ஆணா பெண்ணா என்றே தெரியாத மாதிரி எதுக்குங்க படம்?" என்று கேட்பவர்கள், இப்படிப் பல பேர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். எனக்கு முக்கியம் என்று பட்ட இடத்தில் பதில் நீளமாக இருக்கும்.

முகத்தைத்தானே படம் எடுக்கிறோம், இதில் பாலினம் எங்கிருந்து வந்தது?

கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. போர்ட்ரெய்ட் சொல்லித்தரும் பழைய பாடங்களில் ஆண் போஸ், பெண் போஸ் என்று இரண்டு தனித்தனியாகவே இருக்கும். ஒருவரைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி உட்காரவைத்தால் ஒரு தோள் உயர்ந்தும் இன்னொன்று தாழ்ந்தும் தெரியும் இல்லையா, ஆண் என்றால் தலையைத் தாழ்ந்த தோள் பக்கம் சாய்க்க வேண்டும், பெண் என்றால் உயர்ந்த தோள் பக்கம். ஆணின் உடம்பு 'சி' எழுத்து மாதிரி வளைய வேண்டும், பெண்ணின் உடம்பு 'எஸ்' மாதிரி. விளக்கும் அப்படித்தான். ஆணுக்குப் பக்கத்தில் இருந்து ஒற்றை விளக்கு, பாதி முகம் நிழல், மீசையும் தாடையும் எடுப்பாகத் தெரியும். பெண்ணுக்கு நேர் முன்னால், கொஞ்சம் உயரத்தில் மென்மையான விளக்கு, முகவாய்க்குக் கீழே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ஒரு ரிஃப்ளெக்டர், முகத்தில் ஒரு கோடு நிழல் இருக்கக் கூடாது.

கல்யாண ரிசப்ஷன் மேடையில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். மாப்பிள்ளைக்கு "கையைப் பாக்கெட்ல விடுங்க சார், நெஞ்சை நிமித்துங்க", பொண்ணுக்கு "கீழ பாருங்கம்மா, லேசா சிரிங்க". அந்தப் பெண் அதுவரை தோழிகளோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருப்பார். அந்தப் பையன் கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்திருப்பார். ஆல்பத்தில் இரண்டுமே இருக்காது. பிறகு எடிட்டிங்கில் பெண்ணின் தோலை வழவழப்பாக்கி இரண்டு ஷேடு வெளுக்க வைப்பார்கள், ஆணுக்குத் தாடியைக் கொஞ்சம் கறுப்பாக்குவார்கள். ஆக, போர்ட்ரெய்ட் படம் பாலினத்தை அப்படியே பதிவு செய்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம், உண்மையில் பாதியை நாமே அங்கே செய்து வைக்கிறோம். நாம் செய்ததை நாமே செய்யாமலும் விடலாம் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது.

இது மேல்நாட்டு ஃபேஷன், நம் குடும்பப் படங்களில் இதெல்லாம் கிடையாது என்கிறார்களே?

உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில், மொட்டை போடுவதற்கு முன்னால் ஆண் குழந்தைக்குக் குட்டிக் கொண்டையோ சடையோ போட்டு, பூ வைத்து, கண்ணுக்கு மை இட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, கவுனோ பட்டுப் பாவாடையோ உடுத்தி ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்திருக்கிறார்கள். பூச்சடை தைத்த பெண்பிள்ளைகளை எடுக்கும்போது முன்புறமும் பின்புறமும் ஒரே படத்தில் விழுவதற்காகப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி வைப்பார்கள். பக்கத்து வீட்டுப் பையனையும் சில நேரம் அதே கண்ணாடி முன்னால் நிறுத்திவிடுவார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்து யாரும் பதறியதில்லை. நாற்பது வயது மனிதர், குழந்தையில் தான் பாவாடை கட்டிய படத்தை வீட்டுக்கு வந்தவர்களிடம் சிரித்துக்கொண்டே காட்டுவார். அதே மனிதரின் மகன் பதினாறு வயதில் கண்ணுக்கு மை போட்டு ஒரு செல்ஃபி எடுத்தால் மட்டும் வீடு ரெண்டாகிறது. மூன்று வயதில் அழகு, பதினாறில் அவமானம் என்று கோட்டை எங்கே போட்டோம், ஏன் போட்டோம் என்று யோசிக்க அந்த ஒரு படம் போதும்.

வெளிநாட்டில் மட்டும் இது புதிதா என்ன?

அங்கேயும் பழசுதான். நார்வேயில் ஹோர்டன் என்ற கடற்படை ஊரில் 1895இல் மாரி ஹேக், போலெட் பெர்க் என்ற இருவர் ஒரு ஸ்டூடியோ திறந்தார்கள். பகலில் ஊர்க்காரர்களுக்கும் கடற்படை ஆட்களுக்கும் வழக்கமான படம். வேலை இல்லாத நேரத்தில் அதே கேமரா முன்னால், தீட்டி வைத்த திரைக்கு எதிரில் ஹேக் மீசை வரைந்துகொண்டு, ஆண் உடையில், சிகரெட்டோடு நிற்பார். பல ஆண்டுகள் கழித்து 1980களில் அவர்களுடைய கண்ணாடி நெகட்டிவ்கள் வெளியே வந்தபோது இந்தப் படங்கள் இருந்த பெட்டியின் மேல் "பிரைவேட்" என்று எழுதியிருந்தது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, அவர்கள் ஸ்டூடியோக்காரர்கள் என்பதுதான். எந்தத் திரை, எந்த நாற்காலி, எந்த போஸ் ஒரு கனவானை உருவாக்குகிறது என்று தொழில்முறையில் அறிந்தவர்கள், அதனால்தான் அவ்வளவு லேசாக அதை வைத்து விளையாட முடிந்தது.

அப்புறம் க்ளோட் கான். பிரான்சில் நான்த் நகரில் 1894இல் பிறந்தவர், பெற்றோர் வைத்த பெயர் லூசி ஷ்வாப். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான க்ளோட் என்ற பெயரை அவரே எடுத்துக்கொண்டார். தலையை மழித்துக்கொண்டு, பிறகு பொம்மை மாதிரி ஒப்பனை போட்டுக்கொண்டு, பிறகு கோட் போட்டுக்கொண்டு தன்னையே எடுத்துத் தள்ளினார். பல படங்களில் ஷட்டரை அழுத்தியவர் அவருடைய வாழ்க்கைத் துணை மார்செல் மூர். 1927 வாக்கில் எடுத்த ஒரு படத்தில் கையில் எடைக்குண்டு, கன்னத்தில் வரைந்த இதயம், சட்டையில் "பயிற்சியில் இருக்கிறேன், முத்தமிடாதே" என்று எழுத்து. ஒரு பயில்வானையும் ஒரு நடனக்காரியையும் ஒரே உடம்பில் பார்க்கிறோம். இருவரும் 1937இல் ஜெர்சி தீவுக்குக் குடிபோனார்கள், ஜெர்மன் படை தீவைப் பிடித்ததும் சிப்பாய்களைக் கலகம் செய்யத் தூண்டும் துண்டுச்சீட்டுகளை ரகசியமாகப் பரப்பினார்கள், 1944இல் பிடிபட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டது, அது நிறைவேறவில்லை, 1945இல் விடுதலை. ஆண்-பெண் வேஷத்தை வைத்து விளையாடுகிறவர்கள் வாழ்க்கையைப் பற்றி அக்கறை இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் இவர்களைச் சொல்லுங்கள்.

கேமரா எப்போதும் இவர்கள் பக்கம் நின்றதா?

இல்லை. பெரும்பாலும் எதிர்ப் பக்கம்தான் நின்றது. 1860இல் பாரிசின் புகழ்பெற்ற புகைப்படக்காரர் நாடார் (Nadar), மருத்துவர்களுக்காக ஓர் இடைப்பால் மனிதரின், அதாவது ஆண், பெண் உடற்கூறுகள் கலந்து பிறந்த ஒருவரின் உடலைத் தொடராகப் படம் எடுத்தார். அந்த மனிதரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. மருத்துவத்துக்கு உடம்பு போதுமானதாக இருந்தது, ஆள் தேவைப்படவில்லை. இந்தியாவில் 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம், வட மாகாணங்களில் ஹிஜ்ராக்களை (வடநாட்டுத் திருநங்கைச் சமூகத்தினர்) பதிவேட்டில் ஏற்றி, பதிவான ஒருவர் பொது இடத்தில் பெண் உடையில் தெரிந்தாலே வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம் என்றது. உடையே குற்றத்துக்குச் சாட்சி. இந்தப் பின்னணியில், இன்று ஒருவர் "என்னை எடுங்கள்" என்று தானாக வந்து நிற்பது சின்ன விஷயம் கிடையாது.

ஒரே ஒரு கலைஞரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் யாரைச் சொல்வீர்கள்?

சனெலே முஹோலி. தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய உம்லாசியில் 1972இல் பிறந்தவர், ஜோகன்னஸ்பர்க்கின் மார்க்கெட் போட்டோ ஒர்க்‌ஷாப்பில் படித்தவர். தன்னைக் கலைஞர் என்பதைவிடக் காட்சிச் செயற்பாட்டாளர் என்றே சொல்லிக்கொள்வார். ஆண், பெண் என்ற எந்தப் பெட்டியிலும் தன்னை வைப்பதில்லை.

2006இல் அவர் தொடங்கிய போர்ட்ரெய்ட் தொடர் இன்றைக்கும் வளர்கிறது. கறுப்பின லெஸ்பியன்கள், திருநம்பிகள் (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்), ஆண்-பெண் என்ற இருமைக்குள் அடங்காதவர்கள் என ஐநூறுக்கும் மேற்பட்ட முகங்கள். அந்த நாட்டின் 1996 அரசியல் சட்டம் பாலியல் நாட்டத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்று சொன்னது, உலகிலேயே அப்படிச் சொன்ன முதல் அரசியல் சட்டம் அது. 2006இல் ஒரே பாலினத் திருமணமும் சட்டமானது. ஆனால் கறுப்பின மக்கள் வாழும் நகரோரக் குடியிருப்புகளான டவுன்ஷிப் தெருக்களில் இதே மனிதர்கள் "திருத்துகிறேன்" என்ற பெயரில் வன்புணர்வுக்கும் கொலைக்கும் ஆளானார்கள். சட்டத்தில் இருப்பவர்கள் தெருவில் இல்லாமல் ஆக்கப்படுகிறார்கள் என்பதால், இருந்தார்கள் என்பதற்கு ஓர் ஆவணம் வேண்டும் என்று முஹோலி நினைத்தார். முதலில் எடுத்தது தன் நண்பரும் கவிஞருமான பூசி சிகாசாவை. மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார், வயது 25.

சரி, அந்தப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

முதல் பார்வைக்கு ஒன்றுமே இல்லை, அதுதான் அதன் பலம். கறுப்பு-வெள்ளை. இடுப்புக்கு மேலேயோ முக்கால் உடலோ. கோடு போட்ட சுவர், ஒரு துணி, ஒரு வேலி, அவ்வளவுதான் பின்னணி. சட்டை, டை, தொப்பி, தோடு, மழித்த தலை, சடை, எல்லாமும் கலந்து இருக்கும், எதுவும் இன்னொன்றை மறுக்காது. எல்லாரும் லென்ஸை நேராகப் பார்ப்பார்கள். மேலே சொன்ன தலைச்சாய்ப்பு விதி ஒன்றும் இங்கே செல்லாது. சிரிப்பு அபூர்வம். நாம் அவர்களை எடைபோடுவதற்கு முன் அவர்கள் நம்மை எடைபோட்டு முடித்திருப்பார்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு என்பது ஒரு பெயர், ஓர் ஊர், ஓர் ஆண்டு. "லெஸ்பியன், ஜோகன்னஸ்பர்க்" என்று இருக்காது. நாடாரின் பெயரில்லாத உடம்போடு வைத்துப் பாருங்கள், நூற்றைம்பது ஆண்டில் என்ன நடந்திருக்கிறது என்று தெரியும். படத்தில் இருப்பவர்களை முஹோலி மாடல் என்றோ சப்ஜெக்ட் என்றோ சொல்வதில்லை, பங்கேற்பாளர் என்பார்.

இன்னொன்று, அவர் ஒருவரை ஒரு தடவை எடுத்து முடித்துவிடுவதில்லை. சில வருஷம் கழித்து அதே ஆளை மறுபடி எடுப்பார். தொடரின் பெயரிலேயே (Faces and Phases) முகங்களோடு வாழ்க்கையின் கட்டங்களும் உண்டு. முதல் படத்தில் ஒரு விதமாக இருந்தவர் அடுத்ததில் வேறு உடை, வேறு உடல், சில நேரம் வேறு பெயர். ஒருவரின் "நிஜ" முகம் என்று ஒன்றைப் பிடித்து நிறுத்திவிட முடியும் என்ற போர்ட்ரெய்ட் கலையின் பழைய கர்வத்தையே இது கழற்றி வைக்கிறது. கண்காட்சியில் படங்களை வரிசை வரிசையாக மாட்டும்போது நடுவில் வெற்றிடங்கள் விட்டிருப்பார், இறந்தவர்களுக்கும் இனி வரவேண்டியவர்களுக்கும்.

இதற்கு எதிர்ப்பு வரவில்லையா?

வந்தது. 2009இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கண்காட்சியைத் திறந்துவைக்க வந்த கலை, பண்பாட்டு அமைச்சர் லூலு சிங்வானா, பெண்கள் அணைத்திருக்கும் முஹோலியின் படங்களைப் பார்த்துவிட்டு வெளியேறினார், அவை ஒழுக்கக்கேடு, தேசத்தைக் கட்டுவதற்கு எதிரானவை என்று பிறகு விளக்கமும் சொன்னார். 2012இல் கேப்டவுனில் முஹோலியின் வீட்டில் திருட்டு. இருபதுக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகள் போயின, பல ஆண்டு உழைப்பு அதற்குள் இருந்தது. விலை உயர்ந்த மற்ற சாமான்களைவிட அந்த டிஸ்க்குகள்தான் குறி என்று தெரிந்ததும் எப்படி இருந்திருக்கும்? படங்களை வேறொரு ஊரில், வேறொருவர் வீட்டில் ஒரு பிரதி வைத்திருங்கள் என்று மாணவர்களிடம் நான் சொல்லும்போது இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன்.

அவர் தன்னையே எடுத்த படங்களும் இதில் சேருமா?

சேரும். 2012இல் தொடங்கிய அந்தத் தற்படத் தொடருக்கு ஜூலு மொழியில் கரும்பெண்சிங்கத்தை வாழ்த்தும் பொருளில் பெயர். தலையில் துணி கிளிப்புகளை அடுக்கிக் கிரீடம், காதில் தோடாகவும் அதே கிளிப். வேறு படங்களில் பாத்திரம் தேய்க்கும் நார், ஊதிய கையுறைகள். கிளிப் படம் அம்மா பெஸ்டருக்கு. ஒரு வெள்ளைக் குடும்பத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வீட்டு வேலை செய்தவர் அவர். பெண்களின் வேலை என்று ஒதுக்கிய சாமான்களை எடுத்து முஹோலி அரச அணிகலன் ஆக்கிவிட்டார்.

நான் நம்மூர் ஆட்களிடம் அழுத்திச் சொல்வது இன்னொரு விஷயம்: இந்தப் படங்களில் பிரிண்ட் எடுக்கும்போது தோலின் கறுப்பை அவர் வேண்டுமென்றே கூட்டுகிறார். நாம் என்ன செய்கிறோம்? பெண் என்றால் வெளுப்பு என்று எடிட்டிங் டேபிளில் கை தானாகப் போகிறது. ஒரு திருநங்கை படம் எடுக்க வந்தால் "பெண்மையாகக் காட்டுகிறேன்" என்று நல்ல மனசோடு செய்யும் முதல் வேலையும் அவரை வெளுக்க வைப்பதுதான். பாலின விதியும் நிற விதியும் ஒரே ஸ்லைடரில் இருக்கின்றன.

ஆணுக்குச் சேலை, பெண்ணுக்கு மீசை. இப்படி மாற்றி எடுத்தால் போதுமா?

பெரும்பாலும் போதாது. காதலனுக்குப் புடவை, காதலிக்கு வேட்டி என்று எடுக்கும் ஜோடிப் படங்களில் இரண்டு பெட்டியும் அப்படியே பத்திரமாக இருக்கின்றன, ஆட்கள் மட்டும் இடம் மாறியிருக்கிறார்கள். பார்க்கிறவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஆனால் மீசையே நல்ல வேலை செய்த படங்களும் உண்டு. அமெரிக்காவின் கேத்தரின் ஓப்பி 1991இல் பதின்மூன்று நண்பர்களுக்கு ஒட்டு மீசை, தாடி வைத்து, பளீர் மஞ்சள் பின்னணியில், நெற்றியும் முகவாயும் வெட்டுப்படும் அளவுக்கு நெருங்கி எடுத்தார். சட்டத்தில் அவர்களுடைய பட்டப்பெயர் பொறித்த தகடு. கிட்டப் போனால் மீசையின் ஓரத்தில் பசை தெரியும், ஒட்டுத் துணியின் விளிம்பு தெரியும். அவர் அதை மறைக்கவில்லை. நம்பவைக்கப் பார்க்கும் படம் வேறு, "இது ஒட்டியது, சரி, நிஜ மீசைக்கு மட்டும் இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும் படம் வேறு. பசையைக் காட்டும் தைரியம் இருந்தால் உடை மாற்றி எடுங்கள்.

கூவாகம் திருவிழாவுக்குப் போய் எடுக்கலாமா?

யாரும் தடுக்கப்போவதில்லை. ஒவ்வொரு சித்திரைப் பௌர்ணமிக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அந்தக் கூத்தாண்டவர் கோயிலைச் சுற்றி கேமராக்கள்தான். திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் தாலி அறுத்து வளையல் உடைத்து அழுவதும் எல்லாருக்கும் வேண்டிய காட்சிகள், டெலி லென்ஸில் கண்ணீரை நிரப்பி எடுத்துக்கொண்டு அன்று மாலையே ஊர் திரும்பிவிடுவார்கள். தமிழ்நாட்டுத் திருநங்கை என்றால் உலகத்துக்குத் தெரிவது வருஷத்தில் இரண்டு நாள் ஒப்பாரி மட்டும் என்று ஆனதற்கு நம் தொழில்காரர்களுக்கும் பங்கு உண்டு. மீதி நாட்களில் அவர்கள் டீக்கடை நடத்துகிறார்கள், காவல்துறையில் இருக்கிறார்கள், பரதம் சொல்லித்தருகிறார்கள். அதை யார் எடுத்தார்கள்? திருநம்பிகளோ எந்தத் திருவிழாவிலும் இல்லை, அதனால் எந்தப் படத்திலும் இல்லை.

போவதென்றால் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் செய்ததைத் தெரிந்துகொண்டு போங்கள். 1989இல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காக டெல்லியில் ஹிஜ்ராக்களைப் பற்றி எடுக்கப் போய் மோனா அகமதைச் சந்தித்தார். நாள் முழுக்க எடுத்த பிறகு, படம் வரப்போவது லண்டனில் என்று தெரிந்ததும் மோனா மறுத்தார், அங்கே அவருக்கு உறவினர்கள் இருந்தார்கள். சிங் படச்சுருளை அவரிடமே கொடுத்துவிட்டார். அங்கிருந்து தொடங்கிய நட்பு 2017இல் மோனா இறக்கும்வரை நீடித்தது. 2001இல் வந்த புத்தகத்தில் படங்களுக்குப் பக்கத்தில் மோனாவே எழுதிய மின்னஞ்சல்கள் இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்த அந்த மனிதரின் கோபம், பிள்ளைப் பாசம், பிடிவாதம் எல்லாம் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. அந்த ஒரு ரோலைக் கொடுக்க மறுத்திருந்தால் பத்திரிகையில் ஒரு பக்கம் வந்திருக்கும், இவ்வளவும் வந்திருக்காது.

படம் எடுக்கும் நாளில் நடைமுறையாக என்ன செய்ய வேண்டும்?

போனில் பேசும்போதே, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டுவிடுங்கள். அக்காவா, அண்ணாவா, தோழரா, பெயர் சொல்லியா. வந்து நிற்பவரிடம் கேட்பதைவிட இது இருவருக்கும் லேசு. லைட் பிடிக்கும் தம்பிக்கும் மேக்கப் அக்காவுக்கும் அதைச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் ஒருமுறை "சார், இந்தப் பக்கம் திரும்புங்க" என்று வாய்தவறி வந்துவிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் அந்த முகத்தில் நீங்கள் எதையும் எடுக்க முடியாது.

இரண்டு மூன்று உடை கொண்டுவரச் சொல்லுங்கள், தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்று கொடுங்கள். போஸ் சொல்லித்தராதீர்கள். நாற்காலியா, தரையா, நின்றா என்று மட்டும் கேளுங்கள், கையை எங்கே வைப்பது என்று அவர் திணறட்டும், அந்தத் திணறலுக்குப் பிறகு கை தானாகப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு, அது அவருடையது. எடுத்த படங்களை அங்கேயே பெரிய திரையில் காட்டி, எது அவராகத் தெரிகிறது என்று கேளுங்கள். விளக்கு விஷயத்தில் நான் செய்வது: ஜன்னல் வெளிச்சமோ, மென்மையான வெளிச்சம் தரும் ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸோ, நாற்பத்தைந்து டிகிரியில், யார் வந்தாலும் அதுவே. நிழல் வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் திரையைப் பார்த்துச் சொல்வார். தாடை மென்மையாகத் தெரிய வேண்டும் என்று ஒரு திருநங்கை கேட்டால் அப்படியே செய்யுங்கள். "வழக்கத்தை உடைக்கிறேன்" என்று சொல்லி அவர் விரும்பும் பெண்மையை அவரிடமிருந்து பறிப்பது நம் வேலை இல்லை. எல்லாரும் இருமையை மீறியே தெரிய வேண்டும் என்பது இன்னொரு கட்டாயம்.

ஃபில்டர், பியூட்டி மோடு எல்லாம் போடலாமா?

ஆஃப் செய்துவிட்டுத் தொடங்குங்கள். பல போன்களில் பியூட்டி மோடு என்றால் தோலை வழித்து, தாடையைச் சுருக்கி, கண்ணைப் பெரிதாக்கும், அது ஏற்கெனவே ஒரு பெண் முகத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறது. சில ஆண்ட்ராய்டு போன்கள் கொஞ்ச காலம் முன்பு முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா, என்ன வயது என்றே திரையில் எழுதிக் காட்டின. இந்த மாதிரி மென்பொருள்களை 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்நிட் கெப்ரு என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது, வெளுத்த ஆண்களில் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கறுத்த பெண்களில் 34.7 சதவீதம் வரை. கறுத்த பெண்களையே பெண் என்று பார்க்கத் தெரியாத இயந்திரம், இரண்டு பெட்டிக்கும் வெளியே இருப்பவரை என்னவென்று பார்க்கும்?

பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அங்கேதான் மிகவும் பொருந்துகிறது. கண்காட்சிப் படம் ஆயிரம் பேர் பார்ப்பார்கள். அடையாள அட்டையில் இருக்கும் படம் வங்கி, விமான நிலையம், வாடகை வீடு என்று ஒருவரின் தினசரி வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. தெருமுனை ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் ரெடியாக ஒரு கோட்டும் டையும் இருக்கும், ஆண் என்று கணித்துவிட்டால் கேட்காமலே தலைக்குக் கீழே ஒட்டிவிடுவார்கள். தோட்டைக் கழற்றச் சொல்வார்கள். பொட்டை அழிப்பார்கள். ஒரு திருநம்பிக்கோ, ஆண், பெண் இரண்டிலும் அடங்காத நான்-பைனரி ஆளுக்கோ இது எவ்வளவு கொடுமை என்று ஸ்டூடியோக்காரருக்குத் தோன்றுவதே இல்லை. வந்தவர் எப்படி வந்தாரோ அப்படியே, வெள்ளைப் பின்னணி, முகம் முழுக்கத் தெரிய, கண் திறந்து. இதற்கு மேல் அந்தப் படத்துக்கு எதுவும் வேண்டாம்.

படத்தை எங்கே போடலாம்? பிறகு எடுத்துவிடச் சொன்னால்?

ஸ்டூடியோ ஷோகேஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம், பத்திரிகை, கண்காட்சி. இவை ஐந்தும் ஐந்து வெவ்வேறு அனுமதிகள். ஒன்றுக்குச் சரி என்றவர் மற்றதற்கும் சரி என்றதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னையில் வெளிப்படையாக வாழும் ஒருவர் சொந்த ஊரில் அப்படி இல்லாமல் இருக்கலாம், ஷோகேஸில் மாட்டிய ஒரு படம் அத்தை மகன் கண்ணில் பட்டால் போதும். எழுதி வாங்குங்கள், தமிழில், அவர் படித்துப் புரிந்துகொள்ளும் விதத்தில். படத்தின் கீழே என்ன பெயர், என்ன வார்த்தை என்பதையும் அவரே எழுதட்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (Copyright Act) 1957இன் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்துத் தன்னை எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமையாளர் அவர்தான், நீங்கள் இல்லை. நீங்களாகக் கேட்டு, காசு வாங்காமல் எடுத்ததென்றால் பொதுவாக உரிமை உங்களுடையது, ஆனால் அப்போதும் எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுவதுதான் என் வழக்கம். காரணம் கேட்பதில்லை. பழைய பெயரில், பழைய உடம்பில் இருக்கும் படத்தைத் தன் கண்ணில் படாமல் வைக்கச் சொல்பவர்கள் உண்டு, அதையே பத்திரமாக வைத்திருக்கச் சொல்பவர்களும் உண்டு. அழிப்பதா, பூட்டி வைப்பதா, இரண்டு பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு ஃபைலை நீக்குவதா என்று கேளுங்கள், அவர் சொல்வதை ஃபோல்டரின் பெயரோடு சேர்த்து எழுதி வையுங்கள், உங்களுக்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரைத் திறப்பவருக்கும் தெரியும்படி.